கருந்துளைக் காற்று விண்மீன் மண்டலத்தின் வளிமத்தை என்ன செய்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: ஒளியே தப்ப முடியாத கருந்துளையிலிருந்து காற்று மட்டும் எப்படி வெளியே வருகிறது?

பதில்: அது கருந்துளைக்குள்ளிருந்து வருவதில்லை, அதைச் சுற்றித் தட்டு வடிவில் சுழன்றபடி உள்ளே சரியும் வளிமத்திலிருந்து வருகிறது. கடுமையாகச் சூடேறும் அத்தட்டின் ஒளியழுத்தமும் காந்தப்புலமும், விழ வேண்டிய பொருளில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகின்றன.

கேள்வி: அதன் வேகத்தை எவ்வாறு அறிகிறார்கள்?

பதில்: நம்மை நோக்கி வரும் காற்றிலுள்ள இரும்பு அயனிகள் எக்ஸ் கதிர் நிறமாலையில் பதிக்கும் உட்கவர் கோடுகள் (குறிப்பிட்ட ஆற்றலுள்ள கதிர்கள் உறிஞ்சப்படுவதால் தெரியும் இருண்ட கோடுகள்), வேகத்துக்கேற்ப உயர் ஆற்றல் பக்கம் நகர்ந்திருக்கும். ஜப்பான் 2023இல் ஏவிய எக்ஸ்ரிசம் தொலைநோக்கி, பிடிஎஸ் 456 என்னும் குவேசாரில் (வளிமத்தை விழுங்கும் கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் மண்டல மையத்தில்) இக்கோடுகளைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியபோது, ஒரே சீரான காற்று என எண்ணப்பட்டது, ஒளியின் வேகத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை வெவ்வேறு வேகங்களில் பாயும் ஐந்து கூறுகளாகத் தெரிந்தது.

கேள்வி: விண்மீன் மண்டலத்தின் முன் கருந்துளை ஒரு தூசிதான். அதன் காற்றால் அவ்வளவு பரந்த வளிமத்தை அசைக்க முடியுமா?

பதில்: நிறையைப் பார்த்தால் நியாயமான ஐயம்தான். ஆனால் விழும் பொருளின் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலாக மாறுவதால், கருந்துளை வளர்ந்த காலம் முழுவதும் வெளியிட்ட மொத்த ஆற்றல், மண்டலத்தின் நடுப்பகுதியை ஈர்ப்பால் பிணைத்திருக்கும் ஆற்றலைவிடப் பல மடங்கு அதிகம். எனவே ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. அதில் எவ்வளவு வளிமத்தைச் சென்றடைகிறது என்பதில்தான் சிக்கல். காற்று வளிமத்தில் மோதி அதிர்ச்சி அலையாகும்போது, அந்த வெப்பம் குளிராமல் தங்கினால் சூடான குமிழி விரிந்து சுற்றியுள்ளவற்றை வலுவாகத் தள்ளும். விரைவில் குளிர்ந்துவிட்டால் காற்றின் உந்தம் மட்டுமே மிஞ்சும், தள்ளுதலும் பெரிதும் தளரும். வளிமம் திட்டுத் திட்டாக இருந்தாலோ, காற்று அடர்ந்த முகில்களை விட்டு இடைவெளிகள் வழியே வெளியேறிவிடும். பிடிஎஸ் 456இல் உள்காற்றின் ஆற்றல், மண்டல அளவில் காணப்படும் வெளியோட்டத்தின் ஆற்றலைவிட மிகமிக அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கேள்வி: வளிமம் தீர்ந்தால் விண்மீன் பிறப்பு நின்றுவிடும் அல்லவா?

பதில்: மார்க்கரியன் 231 என்னும் விண்மீன் மண்டலத்தில் ஆண்டுக்குச் சுமார் 700 சூரிய நிறை மூலக்கூறு வளிமம் வெளியேறுவதாக 2010இல் கணக்கிட்டார்கள், அங்கு விண்மீன்களாக மாறுவது ஆண்டுக்கு 200 சூரிய நிறை அளவே. ஆயினும் மண்டலத்தின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகத்தை எட்டாத வளிமம் மீண்டும் உள்ளே விழும் என்பதால், வெளியேற்றத்தைவிட, மண்டலத்தைச் சூழ்ந்துள்ள வளிமத்தைக் குளிரவிடாமல் சூடாகவே வைத்திருப்பதுதான் நீண்டகாலத்தில் முக்கியமானது என்பது என் கருத்து.

கேள்வி: நம் பால்வீதியில்?

பதில்: இப்போது மையக் கருந்துளை அமைதியாக இருக்கிறது. 2010இல் கண்டறியப்பட்ட ஃபெர்மி குமிழிகள் என்னும், காமா கதிர் வீசும் பெரும் குமிழிகள் பால்வீதித் தட்டின் இருபுறமும் சுமார் 25,000 ஒளியாண்டு நீள்கின்றன. அவை பழைய கருந்துளைச் சீற்றத்தின் எச்சமா, விண்மீன் வெடிப்புகளின் விளைவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.