பேய் தேடுபவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான இடங்களுக்கு ஏன் போவதில்லை?

எங்கள் வேலூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையில் ஆவி உலவுகிறது என்று சொன்னால் உடனே காது கொடுப்பார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, அதில் செத்தவர்கள், திப்புவின் குடும்பம் காவலில் இருந்த மகால்கள் என்று கதைக்குத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த குழிவீடுகளைத் தோண்டி எடுத்தார்களே, அங்கே யார் கேமராவோடு போகிறார்கள்? பேய்க்கு ஒரு பெயர் வேண்டும், எப்படிச் செத்தது என்று ஒரு கதை வேண்டும். அங்கே இரண்டும் இல்லை.

கருவி விஷயமும் உண்டு. அவர்கள் கையில் வைத்திருக்கும் மின்காந்த அளவி பழைய வயரிங், மீட்டர் பெட்டி பக்கத்தில் தானாகவே துள்ளும். வெட்டவெளிக் காட்டில் அளவியின் முள் அசையாது. படமெடுக்க ஒன்றும் கிடைக்காது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பழைய வட ஆற்காட்டின் செங்கம் பக்கம் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். ஆநிரை மீட்கும் சண்டையில் செத்த வீரன் கையில் வில்லோடு நிற்பான், மேலே வட்டெழுத்தில் நாலு வரி. அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறார்கள். அகால மரணம்தான், ஆனாலும் ஊர் அவனைச் சாமியாக்கிவிட்டது. சரி, சாமியிடம் போய் 'யாராவது இருக்கிறீர்களா' என்று எந்த ஊர்க்காரர் கேட்கவிடுவார்?