கேள்வி-பதில்: கோரமா, கோரக்கூத்தா?

கேள்வி: இங்குள்ள பிரெஞ்சு நாளேடு ஒன்று சாலை விபத்துச் செய்தியில் 'கிரான் கிஞோல்' என்று எழுதியிருந்தது. தமிழில் 'கோரம்' என்று போட்டால் போதுமா?
- வாசகர், ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: போதாது. அந்த நாளேடே சொல்லைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறது.

கிஞோல் என்பது லியோன் நகரத்துக் கைப்பாவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோரான் மூர்கே உருவாக்கியது. தடியெடுத்து வெளுத்து வாங்குவது அதன் வழக்கம். 1897இல் ஒஸ்கார் மெத்தெனியே பாரிசின் பிகால் பகுதியில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் சின்ன அரங்கம் திறந்து, அதற்குக் 'கிரான் கிஞோல்', அதாவது 'பெரிய கிஞோல்' என்று பெயர் வைத்தார். பெரியவர்களுக்கான பாவைக்கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டே பொறுப்பேற்ற மாக்ஸ் மோரே அதைத் திகில் கடையாக்கினார். மேடையிலேயே கண்ணைத் தோண்டுவார்கள், அமிலம் ஊற்றுவார்கள். கார்மைன் சாயத்தைக் கிளிசரினில் கலந்தால் ரத்தம் தயார். ஒரே மாலையில் பல குறுநாடகங்கள்: ஒன்று அலற வைக்கும், அடுத்தது சிரிக்க வைக்கும். 1962இல் அரங்கம் மூடியது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

அந்தச் சாய வாடை சொல்லைவிட்டுப் போகவில்லை. பார்ப்பவரை மிரட்டவென்றே ரத்தத்தைக் கூட்டிக் காட்டி, கடைசியில் சிரிப்பே வந்துவிடும் அளவுக்கு மிகைப்படுத்தினால்தான் அது கிரான் கிஞோல். அதனால் 'கோரக்கூத்து' என்பேன். 'இதென்ன கூத்து!' என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது வருகிற ஏளனமும் அதில் சேர்ந்துகொள்ளும்.

'இருவர் பலியான கோரக்கூத்து' என்றெழுதினால் பிழை. செத்தவர்கள் வேஷம் கட்டவில்லை. அங்கே 'கோர விபத்து' போதும். 'உடல்களின் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டு விபத்தைக் கோரக்கூத்தாக்கிவிட்டார்கள்' என்றால் சரி. தைப்பூசக் காவடியில் அலகு குத்தியவரின் படத்துக்கு அடியிலும் இந்தச் சொல் வரக்கூடாது. அலகு நேர்த்திக்கடன், வேடிக்கை பார்க்க வந்தவரை அலற வைக்கக் குத்துவதல்ல. வெளியூர்ப் பயணிகள் இதில் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

எழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் 'குயிக்னால்' என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சில் அந்த இடத்தில் ஒலிப்பது நம்முடைய ஞகரமேதான். கிஞோல் என்றே எழுதுங்கள். உரிச்சொல்லாக வேண்டுமென்றால் 'கிரான் கிஞோலெஸ்க்' என்று இழுக்க வேண்டாம், 'கோரக்கூத்தான' என்று முடித்துவிடலாம்.