கேம்பர் வேன் பட்டறையில் மகள் சேரலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிக்கப் போகிறாள். பெரிய கார் நிறுவனம் ஒன்று வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. அவளோ அதை விட்டுவிட்டு, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் கேம்பர் வேன் பட்டறையில், அதாவது வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து ஓடும் வீடாக மாற்றித் தரும் இடத்தில், சேரத் துடிக்கிறாள். மொத்தம் நாற்பது பேர் வேலை செய்யும் இடம். "குடும்பம் நடத்துகிற கம்பெனியில் வெளியாளுக்கு என்ன எதிர்காலம் இருக்கப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்ற மனம் கேட்க வேண்டிய கேள்விதான். தாராளமாகச் சேரட்டும் என்பது என் பதில். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயம். இந்தத் தொழிலை வளர்த்ததே குடும்பங்கள்தான். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா 1844-ல் குதிரை வண்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது 1950-களில். அதே நாட்டின் டெத்லெஃப்ஸ் குடும்பம் சாட்டையும் பனிச்சறுக்குக் கையுறையும் செய்து விற்றுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை அரிஸ்ட், வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகும்போது மனைவியையும் கூட்டிச் செல்ல வேண்டும் என்று 1931-ல் ஒரு வீட்டு வண்டியைச் செய்தார். அதுதான் பிற்பாடு குடும்பத்தின் தொழிலாகவே ஆனது. அமெரிக்காவில் லாயிட் பான்ட்ரேகர் 1968-ல் இண்டியானா மாநிலத்தில் தன் பண்ணையிலேயே, முகாம் வண்டிகள் செய்யும் ஜேகோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1985-ல் அவர் விமான விபத்தில் இறந்த பிறகும் குடும்பம் நிறுவனத்தைக் கைவிடவில்லை. 2016-ல் இதே துறையின் பெரிய அமெரிக்க நிறுவனமான தோர் அதை 57.6 கோடி டாலருக்கு வாங்கியது. பட்டறை என்றாலே சின்னது, சின்னதாகவே இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அப்படியானால் சிலது வளர்கிறது, பலது பத்துப் பன்னிரண்டு வண்டியோடு நின்றுவிடுகிறது, ஏன்? உங்கள் மகளின் வேலைக்கும் இந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

தொடக்கத்தில் எல்லாமே பட்டறையை நடத்தும் அப்பாவின் தலைக்குள் இருக்கும். உதாரணத்துக்கு, மேலே தூக்கித் திறக்கும் கூரையைப் பொருத்துவதை எடுத்துக்கொள்வோம். புத்தம்புது வேனின் கூரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, ஜிக்ஸா என்ற மின் ரம்பத்தை வைத்து அறுத்து எடுக்க வேண்டும். அறுக்கும்போது கூரையைத் தாங்கிய குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தே போய்விடும். போன பலத்தை ஈடுகட்ட எஃகுச் சட்டம் ஒன்றை உள்ளே வைத்து ஒட்ட வேண்டும். பறந்து விழும் இரும்புத் துகள்களை உடனே உறிஞ்சி எடுக்காவிட்டால் அவை பெயிண்டில் ஒட்டிச் சில நாளிலேயே துருப் புள்ளியாகத் தெரியும். அறுத்த விளிம்புக்கு பிரைமர் அடிக்காமல் விட்டால் அங்கேயும் துரு பிடிக்கும். பசை காயும்வரை வண்டியை அசைக்கக் கூடாது. குளிர்நாளில் அது இன்னும் தாமதமாகக் காயும். எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று கேட்டால், அப்பா விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வார். ஆண்டுக்குப் பத்து வண்டி என்றால் அந்த விரல் போதும். நூறு வண்டி என்றால் போதாது.

அந்த இடத்தில்தான் குடும்பத்துக்கு வெளியாள் தேவைப்படுகிறார். அப்பாவின் கையில் இருக்கும் பழக்கத்தைத் தாளில் இறக்க வேண்டும். எந்த வேனாக இருந்தாலும் ஒரே இடத்தில் அறுக்க ஒரு அச்சு செய்ய வேண்டும். எந்த வெப்பநிலையில் பசைக்கு எவ்வளவு நேரம் என்று எழுதி ஒட்ட வேண்டும். ஒரு வண்டிக்கு எத்தனை திருகு, எத்தனை மீட்டர் ஒயர் என்று பட்டியல் போட வேண்டும். ஒரு பட்டறை தொழிற்சாலையாக மாறுவதே இந்த வேலையால்தான். படிப்பு முடித்துவிட்டு நேராக வந்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைவது கஷ்டம்.

பெரிய கார் நிறுவனத்தைக் குறைத்துப் பேசவில்லை. அங்கே பயிற்சி ஒழுங்காக இருக்கும், நிறுவனத்தின் பெயர் பயோடேட்டாவில் கனமாக நிற்கும், சம்பளம் தேதி தவறாது. ஆனால் புதிதாகச் சேர்கிறவர் கதவுக் கீல் ஒன்றை மட்டும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். ஒரே பாகத்தில் ஆழமாகப் போக வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது உங்கள் மகளின் ஆசை என்றால் அங்கேதான் போக வேண்டும். முழு வண்டியையும் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் பட்டறைதான் சரி.

முழு வண்டி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேம்பர் வேனுக்குள் ஒரு வீடே ஓடுகிறது. தண்ணீர், கேஸ், மின்சாரம், படுக்கை, சூடேற்றும் கருவி எல்லாம் ஒன்றுக்கொன்று இடிக்காமல் இருந்தாக வேண்டும். 2000 வாட் அடுப்பு ஒன்று வீட்டில் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். வேனில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக அதே அடுப்பை எரித்தால் பேட்டரி ஒயரில் கிட்டத்தட்ட 170 ஆம்பியர் ஓடும். ஒயர் மெல்லியதாக இருந்தாலோ, ஃபியூஸ் பேட்டரியை விட்டுத் தள்ளி இருந்தாலோ மர அலமாரிக்குப் பின்னால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஒயரின் தடிமனைக் கணக்குப் போட்டு, வரைபடம் போட்டு, அதைப் பொருத்துபவரிடம் விளக்கிச் சொல்வதை அவள் முதல் ஆண்டிலேயே செய்ய நேரலாம்.

அப்புறம் எடை. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தை வைத்து ஓட்டக்கூடிய வேனின் மொத்த எடைக்கு நெடுங்காலமாக 3500 கிலோதான் எல்லை. வேன், அலமாரி, பேட்டரி, 100 லிட்டர் தண்ணீர் (அதுவே 100 கிலோ), நான்கு பேர், அவர்களுடைய பெட்டிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கனமான மரப்பலகையைப் போட்டால், வாங்கியவர் குடும்பத்தோடு ஏறியதுமே வண்டி எல்லையைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பலகையையும் நிறுத்து எழுதிவைக்கும் பட்டறையை நம்பலாம். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, "ஒரு வண்டியின் எடைப் பட்டியலைப் பார்க்கலாமா?" என்று உங்கள் மகள் கேட்கட்டும். உடனே எடுத்துக் காட்டினால் நல்ல இடம். "அதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி" என்று சிரித்தால், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சான்றிதழ் வேலையும் இப்படித்தான் வருகிறது. இருக்கையையும் சீட் பெல்ட்டையும் புதிதாகப் பொருத்தினால் அவை இழுவைச் சோதனையில் தேற வேண்டும். கேஸ் இணைப்புக்குத் தனி விதி, காற்றோட்டத்துக்குத் தனி விதி. ஒருவர் செய்த வேனை இன்னொருவர் மாற்றிக் கட்டி விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பல கட்ட ஒப்புதல் முறை இருக்கிறது. ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை ஏறாது. வகைக்கு ஒரே ஒப்புதல் வாங்க வேண்டுமானால், எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் வெளியே போகிறது என்று நிரூபித்தாக வேண்டும். இந்தக் கோப்புகளைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் எங்கே போனாலும் மதிப்பு.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் ஏறினால் ஒரேயடியாக ஏறும், இறங்கினாலும் அப்படித்தான். வட்டி கூடினாலோ, மக்கள் கையில் பணம் குறைந்தாலோ, முதலில் தள்ளிப்போடுவது இந்த மாதிரிச் செலவைத்தான். அமெரிக்காவில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளையும் சேர்த்து, 2006-ல் சுமார் 3.9 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து போயின. 2009-ல் அது சுமார் 1.65 லட்சம். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வண்டி வாங்க ஓடியதால் 2021-ல் 6 லட்சத்தைத் தொட்டது. இரண்டே ஆண்டில், 2023-ல், சுமார் 3.13 லட்சம். கொடிகட்டிப் பறந்த ஆண்டில் புது ஷெட் போட்டுக் கடன் வாங்கியவர்கள் அடுத்த ஆண்டில் திண்டாடினார்கள்.

வேன் கிடைப்பதும் பட்டறையின் கையில் இல்லை. வெற்று வேன் ஃபியட், மெர்சிடிஸ், ஃபோர்டு போன்ற பெரிய நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் கார் உற்பத்தி தடைபட்டபோது, ஆர்டர் கையில் இருந்தும் கட்டுவதற்கு வேன் இல்லாமல் பலர் தவித்தார்கள். ஆர்டர் அதிகம் வந்தாலே பணமும் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வேனை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி மாதக்கணக்கில் வைத்துக் கட்ட வேண்டியிருப்பதால், வளர வளரக் கையிருப்பு கரையும். வாடிக்கையாளரின் முன்பணத்தை எடுத்துச் சம்பளம் போடும் பட்டறையாக இருந்தால் விலகி நிற்பதே நல்லது. இதை நேரடியாகக் கேட்க முடியாது. பொருள் கொடுப்பவர்களுக்குப் பணம் நேரத்துக்குப் போகிறதா, சென்ற ஆண்டில் யாருக்காவது சம்பளம் தள்ளிப்போனதா என்று அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், குடும்பம். முதலாளி நாற்காலி உங்கள் மகளுக்குக் கிடைக்காது. அது பிள்ளைகளுக்குத்தான். இதை இப்போதே மனதில் வாங்கிக்கொண்டால் பிறகு வருத்தம் இல்லை. ஆனால் உற்பத்தி, கொள்முதல், தரக் கட்டுப்பாடு, வடிவமைப்பு ஆகிய பொறுப்புகளில் வெளியாளை உட்காரவைக்காமல் எந்தக் குடும்பமும் ஓர் அளவுக்கு மேல் வளர முடியாது. அந்தப் பொறுப்புகளில் இன்று யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாவற்றிலும் மகன், மருமகன், மச்சான் என்றே இருந்தால் வெளியாளுக்கு வழி இல்லை என்று அர்த்தம். ஒருவராவது வெளியிலிருந்து வந்து ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால், உங்கள் மகள் அவரோடு தனியாக அரைமணி நேரம் பேச வேண்டும். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் கடைசியில் யார் சொல்வது நடக்கிறது என்று அவரிடம்தான் கேட்க முடியும். இருவரும் ஆளுக்கொன்று சொல்ல, நடுவில் அகப்பட்டுக்கொண்டு திறமையான வெளியாட்கள் விலகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுவனம் நாளைக்கே விற்கப்பட்டால் என்ன செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். ஜேகோவைப் போலவே, ஜெர்மனியின் ஹைமர் குழுமத்தையும் 2019-ல் தோர்தான் வாங்கியது. இது நடக்கக்கூடியதுதான். வாங்குகிற பெரிய நிறுவனம் முதலில் தேடுவது வரைபடம், பட்டியல், சான்றிதழ் எல்லாம் எங்கே இருக்கின்றன, அவற்றை யார் அறிவார் என்பதைத்தான். அந்த ஆளாக உங்கள் மகள் இருந்தால் அவள் நிலைமை மோசமாகாது.

இப்போதைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். கார் நிறுவனத்திடம் பதில் சொல்ல இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு வாரம் பட்டறையில் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்க அனுமதி கேட்கட்டும். அலுவலக அறையில் உட்கார வேண்டாம். ஒயரிங் செய்பவரோடு இரண்டு நாள், மரவேலை செய்பவரோடு இரண்டு நாள், வண்டியை ஒப்படைக்கும் இடத்தில் ஒரு நாள் நிற்கட்டும். வேலை உத்தரவில் பதவியும் பொறுப்பும் எழுத்தில் இருக்க வேண்டும், "எல்லாம் பார்த்துக்கொள்ளம்மா" என்ற வாய்ச்சொல் போதாது. அந்த வாரம் முடிந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். பட்டறையில் பார்த்ததை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.