பொல்லாக்கின் ஆரம்பகால உருவப் பயிற்சிக்கும் தெளிப்பு ஓவியங்களுக்கும் என்ன தொடர்பு?

அரூப ஓவியம் என்றால் ஆள், மரம் என்று பெயர் சொல்ல முடியாத ஓவியம். கோடும் நிறமும்தான் அங்கே விஷயம். அப்படி வரைந்து பேர்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக், 1930இல் நியூயார்க்கில் ஓவியர் தாமஸ் ஹார்ட் பென்டனிடம் படிக்கத் தொடங்கினார். பென்டனின் பாடம் இது: உடலை மேடும் பள்ளமுமாகப் பிரிக்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியாத செங்குத்துக் கம்பங்களைச் சுற்றி வளைவுகளை ஓடவிட வேண்டும். சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை வளையுமே, கிட்டத்தட்ட அதுதான்.

1947 முதல் தரையில் விரித்த துணிமேல் பெயின்டை ஊற்றித் தெளித்தபோது உடல் மறைந்தது, வளைவின் தாளம் தங்கியது. 1952இல் முடித்த ‘நீலக் கம்பங்கள்’ ஓவியத்தில் கம்பங்களே வெளியே வந்து நிற்கின்றன (தற்செயல் என்று நம்புவது கடினம்).

வரையத் தெரியாததால் தெளித்தார் என்பது தவறு: 16ஆம் நூற்றாண்டு ஓவியர் எல் கிரெகோவின் ஓவியங்களைப் பார்த்து அவர் வரைந்து பழகிய ஏடுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.