மருந்து எழுதப் பழக்குவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

வைத்தியர் அல்லாத சுகாதாரப் பணியாளருக்கு மருந்து எழுதும் திறனைக் கற்பிப்பது, அதைப் பரீட்சிப்பது பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: இலங்கையில் தாதியரோ மருந்தாளரோ மருந்து எழுத முடியாதே. பிறகு ஏன் எங்களுக்கு அதைப் படிப்பிக்க வேண்டும்?
(தாதிய மாணவி, வவுனியா)

இங்கிலாந்தில் இருப்பதுபோல் சுயமாக மருந்து எழுதும் உரிமை எங்கள் தாதியருக்கும் மருந்தாளருக்கும் இல்லை என்பது சரி. அங்கும் அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1986இல் பரிந்துரை வந்தது, 1992இல் சட்டம் வந்தது. தகுதி பெற்ற தாதியரும் மருந்தாளரும் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுதலாம் என்ற நிலைக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் இயன்மருத்துவர்களும் பாதநல மருத்துவர்களும் சேர்ந்தார்கள், 2018இல் அம்புலன்ஸ் சேவையின் பராமெடிக்குகள் சேர்ந்தார்கள். அடிப்படைப் பட்டம் இருக்கிறது என்பதற்காக இவர்களில் யாருக்கும் அந்த உரிமை கிடைக்கவில்லை. எல்லோரும் தனியான பயிற்சி ஒன்றை முடித்துத் தேறியவர்கள்.

ஆனால் உங்கள் வேலையை உற்றுப் பாருங்கள். கருத்தடைக் குளிசை கொடுக்கும் முன் குடும்பநல உத்தியோகத்தர் இரத்த அழுத்தம் பார்க்கிறார், ஒற்றைத் தலையிடி உண்டா என்று கேட்கிறார். அந்த இடத்தில் அவர் எடுப்பது மருந்து எழுதுபவர் எடுக்கும் அதே முடிவு. உள்ளூர் வைத்தியசாலைகளை நெடுங்காலம் கொண்டு நடத்திய உதவி வைத்தியர்களும் பட்டதாரி வைத்தியர்கள் அல்லர். இரவில் தொலைபேசியில் சொல்லப்படும் மருந்தின் அளவு பிழைத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அந்த நேரத்தில் விடுதியில் நிற்கும் தாதிதான். எழுதப் பழகாதவருக்கு எழுதியதில் உள்ள பிழை கண்ணில் படாது.

கேள்வி: என் மாணவர்கள் மருந்தியல் பாடத்தில் நல்ல புள்ளி எடுக்கிறார்கள். ஒரு நோயாளியைக் காட்டி ‘என்ன கொடுப்பீர்கள்?’ என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(தாதியக் கல்வியாளர், கிளிநொச்சி)

பாடம் மருந்திலிருந்து தொடங்குகிறது, நோயாளியோ வருத்தத்தோடு வருகிறார். திகைப்புக்குக் காரணம் அதுதான். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வெளியிட்ட கைநூலின் ஆறு படிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: பிரச்சினை என்ன, மருந்தால் எதை அடையப்போகிறோம், தெரிவுசெய்த மருந்து இந்த ஆளுக்குப் பொருந்துமா, எழுதுதல், விளங்கப்படுத்தல், பின்தொடர்ந்து பார்த்தல். மாணவர்கள் நேரே நான்காம் படிக்குப் பாய்வார்கள். முதல் வாரம் முழுவதும் பேனையைக் கையில் கொடுக்காதீர்கள், முதல் மூன்று படிகளையும் வாயால் சொல்லட்டும்.

ஓர் உதாரணம். மாரி காலம், நான்கு வயதுப் பிள்ளை, 14 கிலோ, இரண்டு நாள் காய்ச்சல். இரண்டாம் படியை ஒரு முழு வசனமாக எழுதச் சொல்லுங்கள். ‘காய்ச்சலை நிறுத்துவது’ என்று எழுதினால் திருத்துங்கள். பிள்ளையின் உடல் நோவைக் குறைத்து, தண்ணீர் குடிக்கவைப்பதே நோக்கம். காய்ச்சலை நிறுத்துவதே நோக்கம் என்று நினைப்பவர்தான் அடுத்து டைக்ளோபினாக் போன்ற கடும் நோ மருந்துகளின் பக்கம் போவார். டெங்கு சந்தேகம் உள்ள பிள்ளைக்கு டைக்ளோபினாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கூடாது, இரத்தக் கசிவு வரலாம். மிஞ்சுவது பரசிற்றமோல்.

இப்போது எழுதலாம். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 210 மி.கி. பாணி மருந்து 5 மி.லீ.க்கு 120 மி.கி., அதாவது ஒரு மி.லீ.யில் 24 மி.கி. விடை 8.75 மி.லீ. வீட்டில் யார் 8.75 அளப்பார்கள்? 8.5 மி.லீ. என்று எழுதி, வாயால் கொடுக்கும் சிரிஞ்ச் ஒன்றையும் கொடுத்துவிட வேண்டும். 204 மி.கி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. மொத்தம் 816 மி.கி., கிலோவுக்கு 60 என்ற நாளெல்லையான 840க்குள் நிற்கிறது. இந்தக் கடைசிச் சரிபார்ப்பைப் பலர் செய்வதில்லை.

ஐந்தாம் படியில் ‘விளங்கிச்சுதா அம்மா?’ என்று கேட்பதை ஒரு கேள்வியாகவே கணக்கெடுக்காதீர்கள். எல்லோரும் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள். ‘வீட்டை போய் எவ்வளவு, என்ன நேரம் குடுப்பீங்கள் எண்டு எனக்குச் சொல்லிக்காட்டுங்கோ’ என்று கேட்க வேண்டும். ஆறாம் படியில் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையும், ஓயாத வாந்தி, வயிற்று நோ, கை கால் குளிர்தல், ஆறு மணித்தியாலம் சலம் போகாமை, இரத்தக் கசிவு ஆகியவை கண்டால் உடனே வரவேண்டும் என்ற அறிவுறுத்தலும் வரவேண்டும்.

அதே பிள்ளையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிள்ளை 9 கிலோ. அல்லது, தனியார் கிளினிக்கில் பிள்ளைக்கு ஏற்கெனவே மலவாசல் வழியாக மருந்து வைத்துவிட்டார்கள். அல்லது, தாய் வீட்டில் வைத்திருப்பது 5 மி.லீ.க்கு 250 மி.கி. உள்ள போத்தல். கடைசியதில் அதே 8.5 மி.லீ. கொடுத்தால் 425 மி.கி. போய்விடும், இரண்டு மடங்கு. இருபது நோயாளிகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒரே நோயாளியை இருபது விதமாகப் புரட்டுவதில்தான் பயன் அதிகம்.

ஓர் எச்சரிக்கை: பயிற்சிக்கு எழுதும் சிட்டைகளில் குறுக்கே கோடு போட்டு ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். உண்மையான நோயாளியின் பெயர் வேண்டாம். மேசையில் கிடக்கும் சிட்டை மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் போய்ச் சேராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: மருந்துக் கணக்கில் 50 புள்ளி எடுத்தால் தேறலாமா? எனக்குத் தசமம் எப்போதும் தடுமாறும்.
(மாணவர், மல்லாவி)

இல்லை. இங்கிலாந்தின் தாதியர் ஒழுங்குமுறைச் சபை மருந்து எழுதும் பயிற்சிக்கு 2006இல் வகுத்த தரத்தில் மருந்தியலுக்கு 80 வீதமும் கணக்குக்கு 100 வீதமும் எடுத்தால்தான் தேறலாம். கடுமையாகத் தோன்றினாலும் இதில் நாங்கள் முழு உடன்பாடு. பத்தில் ஒன்று பிழைத்தால், அந்த ஒன்றுக்கும் ஒரு நோயாளி இருக்கிறார்.

வன்னியில் பாம்புக்கடி அதிகம் என்பதால் அட்ரினலினையே எடுப்போம். 1:1000 என்றால் 1000 மி.லீ.யில் 1 கிராம், ஆகவே ஒரு மி.லீ.யில் 1 மி.கி. 1:10,000 என்றால் ஒரு மி.லீ.யில் 0.1 மி.கி. விஷமுறிவு மருந்து ஏற்றும் முன், ஒவ்வாமையைத் தடுக்கத் தோலுக்குக் கீழ் கொடுப்பது 0.25 மி.கி., அதாவது 1:1000இல் கால் மி.லீ. கடும் ஒவ்வாமை வந்துவிட்டால் வளர்ந்தவருக்குத் தொடைத் தசையில் 0.5 மி.கி., அரை மி.லீ. பிள்ளைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. நாம் மேலே பார்த்த 14 கிலோப் பிள்ளை என்றால் 0.14 மி.லீ. இதை 1 மி.லீ. சிரிஞ்சில் மட்டுமே அளக்க முடியும், 5 மி.லீ. சிரிஞ்சில் எடுக்கப் போனால் அது ஊகம்தான்.

தடுமாற்றத்துக்கு மருந்து, கணக்கைச் செய்யும் முன்பே விடை எவ்வளவில் வரும் என்று உத்தேசமாகச் சொல்லிப் பழகுவது. ஒரு தடவைக்கு மூன்று குப்பிக்கு மேல் உடைக்க வேண்டிவந்தால் நிறுத்தி, முதலிலிருந்து பாருங்கள். (விஷமுறிவு மருந்து இதற்கு விலக்கு. அது பத்துக் குப்பியும் அதற்கு மேலும் போகும்.) எழுதும்போது 0.5 என்று பூச்சியத்தோடு எழுதுங்கள், வெறும் புள்ளி போட்டால் 5 ஆகிவிடும். 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 50. இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்பதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் போடுவது மிக ஆபத்து. அது பூச்சியம்போல் தெரிந்து, 10 யூனிட் 100 ஆன விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. மைக்ரோகிராமையும் முழுச் சொல்லாக எழுதுங்கள்.

கேள்வி: எழுத்துப் பரீட்சை போதாது என்றால், வசதி குறைந்த இடத்தில் செய்முறைப் பரீட்சையை எப்படி நடத்துவது?
(மருந்தாளர் பயிற்சியாளர், மன்னார்)

பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு மேசை, பழைய கிளினிக் கொப்பிபோல் தயாரித்த ஒன்று, வெற்றுக் குளிசை மட்டைகள் நிறைந்த பை, நடிக்க ஓர் ஆள். நடிப்பவருக்கு மருந்துப் பெயர் தெரியக்கூடாது. ‘காலமை ஒரு வெள்ளைக் குளிசை, இரவுக்கு நீட்டுக் குளிசை ஒண்டு’ என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு கேட்பது இந்தப் பேச்சைத்தான். பத்து நிமிடம் போதும்.

புள்ளித்தாளைப் பரீட்சைக்கு முன்பே எழுதி முடியுங்கள். அதில் ‘உயிர்ப்பிழை’ என்று ஒரு பகுதி தனியாக இருக்கட்டும். பெனிசிலின் ஒவ்வாமையைக் கேட்காமல் அமொக்சிசிலின் எழுதுவது, கிழமைக்கு ஒரு தடவை போடவேண்டிய மெதோட்றெக்சேற்றைத் தினமும் என்று எழுதுவது போன்றவை அதில் வரும். அதில் ஒன்று நடந்தாலும், மற்றதெல்லாவற்றிலும் 90 எடுத்தாலும், தேறவில்லை. பரீட்சகர்கள் இருவரும் முதலில் ஒரே ஆளுக்குத் தனித்தனியே புள்ளி போட்டு, ஏன் வேறுபட்டார்கள் என்று பேசித் தீர்த்த பிறகே உண்மையான பரீட்சைக்கு உட்கார வேண்டும். படிப்பித்தவரே தனியாகப் பரீட்சிப்பது நல்லதல்ல.

நாங்கள் வலியுறுத்தும் ஒன்று உண்டு. பரீட்சையில் காட்டும் நோயாளிகளில் ஒருவர் விடயத்திலாவது எதையும் எழுதாமல் வைத்தியரிடம் அனுப்புவதே சரியான விடையாக இருக்கட்டும். பரீட்சை என்றாலே எதையாவது எழுதத்தான் வேண்டும் என்று மாணவர் மனம் பழகியிருக்கிறது. நெஞ்சு நோவோடு வந்தவருக்கு இரைப்பை மருந்து எழுதிவிட்டு மகிழ்ச்சியோடு எழும்பிப் போவார். வைத்தியர் அல்லாதவர் மருந்து எழுதும் எந்த நாட்டிலும், தன் எல்லை எங்கே முடிகிறது என்று அறிவது அந்தத் தகுதியின் ஒரு பகுதி.

ஒரு நாள் பரீட்சையோடு முடிக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் மருந்தாளருக்கான இப்பயிற்சி குறைந்தது 26 நாள் கற்றலும் 90 மணித்தியால மேற்பார்வைப் பயிற்சியும் கொண்டது. பயிலுநர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஏன் அந்த மருந்து, ஏன் மற்றது இல்லை என்று பதிவேட்டில் எழுதுகிறார்.

கேள்வி: என் அம்மாவுக்கு சீனி, பிறசர், முழங்கால் நோ. பயிற்சிக்கு வந்த தாதி ஒருவர் வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி அரைமணித்தியாலம் விசாரித்தார். கிளினிக் கொப்பியில்தான் எல்லாம் இருக்கிறதே?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

கொப்பியில் இருப்பது எழுதிய மருந்து. பையில் இருப்பதுதான் அம்மா போடும் மருந்து. இரண்டும் ஒத்துப்போகாத வீடுகள் நிறைய. பனடோலும் பரசிற்றமோலும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு.

அம்மாவின் வருத்தங்களைப் பார்த்தால் அந்தத் தாதி தேடியது என்னவென்றும் ஊகிக்கலாம். பிறசருக்கு லொசாட்டனோ எனலப்ரிலோ, கூடவே சலம் போக்கும் குளிசை, அதற்கு மேல் முழங்காலுக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபினாக். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் வெயில் நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். வவுனியாப் பக்கம் நாட்பட்ட சிறுநீரக நோய் ஏற்கெனவே இருப்பதால் இது சின்ன விடயம் அல்ல. சீனிக்குக் கொடுக்கும் மெற்போமினும் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 30 மி.லீ.க்குக் கீழே போனால் நிறுத்தப்பட வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: முடிந்த குளிசை மட்டைகள், கடையில் வாங்கிய நோ மருந்து, பூசும் எண்ணெய், நாட்டு வைத்தியரின் கசாயப் பொடி, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டு. கிளினிக்கில் கேட்கும் வரை டைக்ளோபினாக் போட வேண்டாம். மற்றக் குளிசைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.