கார்டு தேய்த்தால் 2 சதவீதம்: அந்தக் காசு யாருக்குப் போகிறது?

கேள்வி: மஞ்சள் விற்ற பணம் வங்கியில் கிடந்தது. போன வாரம் ஈரோட்டில் ஒரு கடையில் 28,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் பேசி முடித்தோம். டெபிட் கார்டை நீட்டியதும், "கார்டுன்னா 2 பர்சென்ட் சேர்த்துப் போடணுங்க, பேங்க்ல பிடிச்சுக்கறாங்க" என்றார்கள். 560 ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வந்தோம். இது முறைதானா?
– வாசகி, கொடுமுடி

பதில்: முறையில்லைங்க. டெபிட் கார்டு என்றால் கடைக்காரரிடம் வங்கி பிடிக்கும் கமிஷனை வாடிக்கையாளர் தலையில் வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கார்டு தேய்க்கும் மெஷினைக் கடைக்குக் கொடுத்த வங்கிதான் கடை அப்படி வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது அந்த 2 சதவீதக் கணக்குதான். 2018 ஜனவரி முதல் டெபிட் கார்டு கமிஷனுக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம். உங்கள் 28,000 ரூபாய்க்கு 0.90 சதவீதம் என்றால் 252 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 45 ரூபாய் சொச்சம். ஆக, வங்கி பிடித்தது அதிகபட்சம் 297 ரூபாய். உங்களிடம் வாங்கியதோ 560. மீதி 260-க்கு மேல் கடையிலேயே நின்றுவிட்டது.

உங்களுடையது ரூபே டெபிட் கார்டா என்று எடுத்துப் பாருங்கள். ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் கமிஷனே கிடையாது. அப்படியானால் 560 ரூபாயில் ஒரு பைசாகூட வங்கிக்குப் போகவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையை நம்பிக் கோவையில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

கிரெடிட் கார்டு கதை வேறு. அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. வங்கியும் கடையும் பேசி முடிப்பதுதான், பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி வரும். அந்தக் கணக்கைத்தான் பல கடைகளில் எல்லாக் கார்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் விலை பேசும்போதே "டெபிட் கார்டுல தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். ரொக்க விலையில் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கார்டை எடுத்தால்தான் இந்தப் பேச்சே வருகிறது.

இப்போது செய்ய வேண்டியது: பில்லையும், கார்டு மெஷினில் வந்த சீட்டையும் எடுத்து வையுங்கள். மெஷின் எந்த வங்கியுடையது என்று சீட்டில் பெரும்பாலும் இருக்கும். முதலில் கடையிலேயே கேளுங்கள். பல பேர் அதிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் அந்த வங்கிக்கு எழுதுங்கள், கூடவே நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லுங்கள். பில்லில் 560-ஐத் தனியாகக் காட்டாமல் விலையோடு சேர்த்திருந்தால் நிரூபிப்பது சிரமம். அடுத்த முறை "எதுக்குங்க இது, பில்லுல எழுதிக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: காங்கேயத்தில் பேக்கரி வைத்திருக்கிறேன். கார்டு மெஷினுக்கு மாத வாடகை, கிரெடிட் கார்டுக்கு கமிஷன் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் சட்டம் போட்டுக் கார்டு கமிஷனைக் குறைத்தார்களாமே, இங்கே கிரெடிட் கார்டுக்கும் அப்படிச் செய்தால் என் போன்றவர்களுக்கு நல்லதுதானே?
– வாசகர், காங்கேயம்

பதில்: சட்டத்தை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்ததை ஒரு பேக்கரிக்காரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே 2010-ல் சட்டம் வந்து, 2011 அக்டோபரில் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. ஒரு பரிமாற்றத்துக்குச் சராசரியாக 44 சென்ட் இருந்தது, 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும் என்று இறங்கியது. பெரிய பில் போடும் கடைகளுக்கு லாபம். ஆனால் சின்ன பில்லுக்கு அதுவரை சலுகை விலை இருந்தது. 2 டாலர் காபிக்கு ஏழெட்டு சென்ட்தான் பிடிப்பார்கள். சட்டம் வந்ததும் கார்டு நிறுவனங்கள் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, அதே காபிக்கும் உச்சவரம்பு முழுவதையும் வாங்க ஆரம்பித்தன. நம்ம ஊரில் ஒரு டீ, ஒரு பப்ஸ் விற்கிறவருக்கு அடி, ஃபிரிட்ஜ் விற்கிறவருக்கு ஆதாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிகளும் சும்மா இருக்கவில்லை. டெபிட் கார்டுக்குக் கொடுத்த பரிசுப் புள்ளிகளை நிறுத்தின, இலவசக் கணக்குகளுக்குக் கூடுதல் நிபந்தனை போட்டன. ஆஸ்திரேலியாவில் 2003-ல் கிரெடிட் கார்டில் வங்கிகளுக்கு இடையே கைமாறும் கட்டணத்தை 0.95 சதவீதம் அளவிலிருந்து 0.55 ஆகக் குறைத்தபோது, புள்ளிகள் சுருங்கின, ஆண்டுக் கட்டணம் ஏறியது. கார்டுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளக் கடைகளுக்கு அனுமதியும் கிடைத்தது. செலவைவிடக் கூடுதலாகச் சிலர் வாங்கவே, அதைத் தடுக்க 2016-ல் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. மேலே கொடுமுடி வாசகிக்கு நடந்ததும் அதேதான்.

இங்கே ரூபே டெபிட்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கமிஷன் பூஜ்யம் என்றாலும் அதை நடத்தும் செலவு பூஜ்யம் ஆகிவிடவில்லை. சிறு கடைகளின் யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கு ஊக்கத்தொகையாக 2024-25-க்கு மட்டும் மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் மெஷின் வாடகையும் அந்தச் செலவில் ஒரு பங்குதான். கிரெடிட் கார்டுக்கும் வரம்பு வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது சதவீதமாக இருக்க வேண்டும். இத்தனை ரூபாய் என்று ஒரே தொகையாக வைத்தால் 30 ரூபாய் பில் தாங்காது. கமிஷனைக் குறைத்துவிட்டு வாடகையை ஏற்றாமலும் பார்க்க வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டில் டெபிட் கார்டுக்கு எத்தனை சதவீதம் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். போன நிதியாண்டில் விற்றுமுதல் 20 லட்சத்துக்குள், அதாவது நாளுக்குச் சராசரியாக ஏறக்குறைய 5,500 ரூபாய்க்குள் இருந்தால், 0.40-க்கு மேல் பிடிக்கக் கூடாது. ரூபே டெபிட்டுக்குப் பிடித்திருந்தால் எழுதிக் கேளுங்கள். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. டீ, பன் பில்லுக்கெல்லாம் க்யூஆர் அட்டையையே முன்னால் வையுங்கள். பிறந்தநாள் கேக் ஆர்டருக்கு மட்டும் மெஷினை எடுத்தால் போதும். அந்த அளவுக்கு வாடகை கட்டுபடியாகவில்லை என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.