வார்ஃப் ஆற்றுக்கு ஸ்பைடர் கட்டுவது: கேள்வி பதில்

ஏப்ரல் கடைசியில் யார்க்‌ஷயரில் வார்ஃப் ஆற்றுக்கு டிரவுட் என்ற நன்னீர் மீன் பிடிக்கக் கிளம்பும் நம் ஆட்களுக்காக இது. ஸ்பைடர் என்பது அந்தப் பக்கத்துப் பழைய ஃப்ளை வகை, ஃப்ளை என்றால் பூச்சி மாதிரி கட்டிய போலி இரை. தூண்டில் முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, தலைப்பக்கம் மெல்லிய இறகு ஒன்றைச் சுழற்றிக் கட்டுவார்கள். கடல் மீன், கெண்டை, ரீல் ரிப்பேர் எல்லாம் எனக்குத் தெரியாத விஷயம், வேறு ஆளைப் பாருங்கள்.

லீட்ஸிலிருந்து: முதல் தடவை கட்டப்போகிறேன் அண்ணா. எதில் ஆரம்பிப்பது?

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சில். 14-ஆம் எண் முள், ஆரஞ்சுப் பட்டு நூல், இங்கிலாந்துக் கவுதாரியின் முதுகிலிருந்து பழுப்புப் புள்ளி இறகு ஒன்று. முள்ளின் கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு நூலை ஆரம்பித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்துச் சுற்றிக்கொண்டே போய், கூர்முனைக்கு நேர் மேலே வந்ததும் நின்றுவிடுங்கள், வளைவுக்குள் இறங்க வேண்டாம். அதே வழியில் திரும்பி வாருங்கள். இறகின் அடியில் இருக்கும் பஞ்சை உரித்துவிட்டு அதைக் கட்டி, ஒன்றரைச் சுற்று, மிஞ்சிப் போனால் இரண்டு. முடிச்சுப் போட்டு நறுக்கிவிடலாம். புதிதாகக் கட்டும் எல்லோரும் இறகை அடைத்து வைக்கிறார்கள். அடைத்தால் தண்ணீரில் அசையாது, அசையாததை டிரவுட் எதற்குத் தொட வேண்டும்? இறகைக் குறையுங்கள். இன்று இதை இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

பர்மிங்ஹாமிலிருந்து: பட்டு நூல் கட்டாயமா? வீட்டில் பாலியெஸ்டர் தையல் நூல் நிறைய இருக்கிறது.

மீன் பிடிபடும். ஆனால் பட்டுக்கு ஒரு வேலை உண்டு, அதை பாலியெஸ்டர் செய்யாது. 1854-இல் ட்வீட் ஆற்றங்கரையில் வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியார், அன்று தண்ணீரில் மிதந்து வந்த பூச்சியைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்க, ஜேம்ஸ் ரைட் என்ற கட்டுநர் கட்டிக் கொடுத்ததுதான் கிரீன்வெல்ஸ் குளோரி. அதன் உடல் மஞ்சள் பட்டு. ஆனால் செருப்புத் தைப்பவர்கள் பூசும் கறுப்பு மெழுகை அந்த நூலில் இழுத்தால் மஞ்சள் மங்கி, பாசி படிந்த பச்சைக்கு வந்துவிடும். ஆற்றுப் பூச்சியின் நிறம் அதுதான். பட்டு மெழுகை உள்ளே வாங்கிக்கொள்ளும், பாலியெஸ்டரில் மேலோடு நிற்கும். ஆரஞ்சுப் பட்டும் அப்படித்தான், நனைந்ததும் பழுப்பாகக் கறுக்கும், செயற்கை நூல் ஆரஞ்சாகவே பளிச்சென்று இருக்கும். எந்தக் கம்பெனிப் பட்டானாலும் சரி, பழைய சுருள் என்று சொல்லிக் கொள்ளை விலைக்கு விற்பவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எந்த வைஸ் வாங்கலாம்?

முள்ளை அசையாமல் பிடிக்கும் எதையும்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து: ஏப்ரலுக்கு வேறு என்ன கட்டலாம்?

வாட்டர்ஹென் புளோவா. மெழுகு பூசிய மஞ்சள் பட்டில் மோல் (மண்ணைத் தோண்டி வாழும் சிறு விலங்கு) ரோமத்தைத் தூசி மாதிரி ஒட்டி, தாழைக்கோழியின் சிறகு அடியிலிருந்து சாம்பல் இறகு. வசந்தத் தொடக்கத்தில் வரும் டார்க் ஆலிவ் பூச்சிக்கு இது. குளிர்ந்து காற்றடித்தால் ஸ்னைப் அண்ட் பர்ப்பிள், அதாவது ஊதாப் பட்டும் உள்ளான் சிறகின் கரும் இறகும். மூன்றையும் ஒரே லீடரில் (தூண்டில் கயிற்றின் நுனியில் வரும் மெல்லிய நரம்பில்) இடைவெளி விட்டுக் கட்டி, ஆற்றின் மேற்புறம் பார்த்து வீசுங்கள். ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1857-லேயே இதற்காக வாதாடியிருக்கிறார். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், நாம் அதன் பின்னால் நிற்கலாம்.

க்ராய்டனிலிருந்து: மாமா தேனியில் இருக்கிறார். காட்டுக்கோழி கழுத்து இறகு பொறுக்கி அனுப்பச் சொல்லவா? இங்கே ஜங்கிள் காக் என்று பயங்கர விலை.

வேண்டாம். சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே வாழும் பறவை, 1972 வன உயிரினச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. மாமாவை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

அவரே மீண்டும்: உதிர்ந்ததுதானே அண்ணா, யாருக்கு நஷ்டம்? மயிலிறகு மட்டும் திருவிழாவில் விற்கிறார்களே.

உதிர்ந்த மயிலிறகுக்கு நாட்டுக்குள் விலக்கு உண்டு, அதையும் ஏற்றுமதி செய்யக் கூடாது. காட்டுக்கோழிக்கு அந்த விலக்கும் இல்லை. உறையில் வரும் இறகு உதிர்ந்ததா பிடுங்கியதா என்று யார் பார்த்துச் சொல்வது? விக்டோரியா காலத்தில் சால்மன் ஃப்ளைக்கு இந்தக் கழுத்து இறகின் மஞ்சள் புள்ளி மேல் அத்தனை மோகம். தொப்பிக்கும் தூண்டிலுக்குமாக எத்தனையோ பறவைகளின் இறகு கப்பலேறி, கடைசியில் 1902-இல் பிரிட்டிஷ் அரசே இந்தியாவிலிருந்து காட்டுப் பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மோகம் அதோடு போகவில்லை. 2009-இல் இங்கிலாந்தில் டிரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் இசை மாணவர் ஜன்னலை உடைத்து உள்ளே போய் 299 பறவைத் தோல்களைத் திருடினார், பல இறகுகள் ஃப்ளை கட்டுபவர்களுக்கே விற்கப்பட்டன. இங்கிலாந்தில் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகு சட்டப்படி கிடைக்கிறது, வேண்டுமானால் அதை வாங்குங்கள்.

டொராண்டோவிலிருந்து: எங்கட இலங்கைக் காட்டுக்கோழி இறகு சரிவராதோ அண்ணை?

அது வேறு இனம், உங்கள் தேசியப் பறவை. கழுத்தில் அந்தப் புள்ளியே கிடையாது.

மான்செஸ்டரிலிருந்து: கோழி இறகில் வார்னிஷ் புள்ளி வைத்தால் போதாதா? எதற்கு இவ்வளவு சண்டை?

போதும். அதைவிட முக்கியமாக, வார்ஃப் டிரவுட்டுக்கான ஸ்பைடர் எதிலும் ஜங்கிள் காக் வராது! இவ்வளவு நேரம் தேவையே இல்லாத இறகுக்காக அடித்துக்கொண்டிருக்கிறோம். க்ராய்டன் தம்பி, இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நான் கட்டியது பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கிறதே?

இறகைக் குறையுங்கள்.

எந்த வைஸ்?

மேலே இருக்கிறது.

இறகில் பூச்சி விழுகிறது, என்ன செய்யலாம்?

புதிதாக வாங்கியதை மூடிய பையில் போட்டு ஃப்ரீசரில் சில வாரம் வையுங்கள். ஒரு பொட்டலத்தில் வந்த அந்துப்பூச்சி பெட்டி முழுவதையும் தின்றுவிடும்.

கூடலூரிலிருந்து: இவற்றை வைத்து ஊட்டி டிரவுட் பிடிக்கலாமா?

அவலாஞ்சியில் 1907-லிருந்தே டிரவுட் பொரிப்பகம் உண்டு, அங்கேயும் டிரவுட் டிரவுட்தான். ஆனால் ஓடைகள் காட்டுக்குள் இருக்கின்றன. மீன்வளத் துறை, வனத் துறை இரண்டிடமும் அனுமதி கேட்காமல் கம்பை எடுக்காதீர்கள்.

கெண்டைக்கு எந்த மாவு நல்லது?

முதல் பத்தியைப் படியுங்கள் ஐயா.

லைசென்ஸ் வேண்டுமா?

இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் ராட் லைசென்ஸ் (தூண்டில் போட அனுமதிச் சீட்டு) கட்டாயம், இணையத்தில் எடுக்கலாம். அது போக அந்தந்தக் கரைக்கு டே டிக்கெட் தனி. யார்க்‌ஷயர் ஆறுகளில் பிரவுன் டிரவுட் சீசன் மார்ச் 25 முதல் செப்டம்பர் 30 வரை. டிக்கெட்டில் முள்ளின் பார்பை (மீன் கழன்று போகாமல் தடுக்கும் எதிர்ப்பல்லை) நசுக்கச் சொல்லியிருந்தால் வீட்டிலேயே, கட்டுவதற்கு முன்னால் நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்தபின் நசுக்கினால் சில முள் உடையும், கட்டிய வேலை வீண்.